இரண்டு கையும்

மாங்குளத்தில், பழைய மரக்காலைக்குப் பின்னால்,
கிரவல் பரவிய வளவில்
மஞ்சள் கிரேன் ஒன்று
காலை ஏழரைக்கே சூடேறி நிற்கும்.
பதினொரு பேர் படிக்கிறோம். பெண்கள் இரண்டு பேர்,
நானும், ஒலுமடுவிலிருந்து சைக்கிளில் வரும் கிருபாலினியும்.
படிப்பிக்கிற றொசாந்த் என்னைவிட ஆறு வயது இளையவன்.
நான் அவனைச் சேர் என்கிறேன்,
அவன் என்னை அக்கா என்கிறான்.
ஹெல்மெட் எல்லார் தலைக்கும் பெரிது.

முதல் கிழமை முழுக்க ஒன்றையும் தூக்கவில்லை.
ஸ்லிங்குகளைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தோம்.
தையல் விட்டிருக்கா, வெயில் தின்றிருக்கா,
லேபல் இருக்கா.
லேபல் இல்லாததை நம்பாதேங்கோ என்றான்,
எவ்வளவு புதிதாய்ப் பளபளத்தாலும்.
கம்பிவடத்தைத் துணியால் துடைத்தோம்.
துணி மாட்டுகிற இடத்தில் இழை அறுந்திருக்கும்.
விரலால் தேடக்கூடாது.

பிறகு கணக்கு வந்தது.
ஒரு தொன் பாரம், இரண்டு கால் ஸ்லிங்.
ஒரு காலுக்கு அரைத் தொன் என்று
நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.
நேராய்த் தொங்கினால் சரி அக்கா என்று
பலகையில் கால்களை அகட்டி வரைந்தான்.
இடையில் நூற்றிருபது பாகை வந்தால்
ஒவ்வொரு காலிலும் முழுத் தொன்.

பாரம் கூடவில்லை.
அதே கொங்கிறீட் குழாய், அதே நிறை.
எனக்கு இது புதிதில்லை.
குழுக்கடனுக்கு நானும் ஜெயராணியும் கையெழுத்து வைத்தோம்.
கிட்டக் கிட்ட நின்றவரை அரைவாசி அரைவாசி.
கதை பேச்சில்லாமல் அவள் விலகிப்போன
மாசியிலிருந்து
அவளுக்கும் முழுசு, எனக்கும் முழுசு.
விடையின் கீழ் கோடிட்டேன்.
பக்கத்துப் பெடியன் கொப்பியை எட்டிப் பார்த்து
எப்படியக்கா இவ்வளவு கெதியாய் என்றான்.

மூன்றாம் கிழமை சைகைகள்.
சுட்டுவிரல் மேலே பார்த்துச் சுற்றினால் உயர்த்து,
கீழே பார்த்துச் சுற்றினால் இறக்கு.
கிரேனில் இருப்பவன் ஒரே ஒருவரின் கையைத்தான் பார்ப்பான்.
மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும்
அவனுக்குக் கணக்கில்லை,
ஒன்றைத் தவிர.
இரண்டு கையும் தலைக்கு மேல்,
உள்ளங்கை முன்னால் தெரிய.
உடனே நிறுத்து.
அதை ஆரும் காட்டலாம்.
தேத்தண்ணி கொண்டு வாறவர் காட்டினாலும்
கிரேன் நிற்கவேணும்.

எல்லாரும் செய்யுங்கோ பாப்பம் என்றான்.
நாலு பேர் உயர்த்தினார்கள்.
நாலு பேரும் அந்த வைகாசியில் பால்குடிகள்.
மற்ற ஏழு பேரும் ஹெல்மெட் பட்டியைச் சரிசெய்தோம்.
கிருபாலினி, நன்றாய்க் கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை
அவிழ்த்து, திரும்பக் கட்டினாள்.
றொசாந்த் உடப்பில் பிறந்து கட்டாரில் தொழில் பழகியவன்.
பஞ்சி என்று நினைத்திருப்பான்.
கொஞ்சம் பொறுத்து
தன் உயர்ந்த கைகளைத் தானே அண்ணாந்து பார்த்தான்.
இறக்கிக்கொண்டான்.
நாளைக்குப் பாப்பம் என்றான்.

நேற்றுச் சோளகம்.
வேலியோரப் பாலைமரம் இலையைப் புரட்டிக் காட்டியது.
மதகுக் குழாய் தரையிலிருந்து கிளம்பி ஆளுயரம் போயிருந்தது.
கிருபாலினி சைகை, சிவரூபன் கிரேனில்.
எனக்கு வேலை ஒன்றுமில்லை,
சிவப்பு நாடாவுக்கு வெளியே நின்றேன்.
நின்ற இடத்திலிருந்து தெரிந்தது,
ஸ்லிங்கின் கண் கொளுக்கியின் நுனியில் இருந்தது.
நாக்கு மூடவில்லை.
கிருபாலினிக்கு அந்தப் பக்கம் தெரியாது.

யோசிக்கவில்லை.
கைகள் போய்விட்டன மேலே,
இரண்டும், விரல்கள் விரிந்து,
அன்றைக்குப் போன அதே மாதிரி.

சிவரூபன் கண்டான்.
கிரேன் நின்றது.
குழாய் காற்றில் இரண்டு தரம் ஆடி
அடங்கியது.

நான் கை உயர்த்தி ஒன்று நின்றது
இதுதான் முதல் தரம்.

மெல்ல இறக்கி, கண்ணை உள்ளே தள்ளி,
நாக்கை மூடித் திரும்பத் தூக்கினார்கள்.
அக்கா, இனிக் கையை இறக்கலாம் என்று
இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்ததாம்.
றொசாந்த் பதிவுப் புத்தகத்தில் எழுதினான்,
நேரம் பத்து இருபது, சேதம் எதுவுமில்லை.
கையெழுத்துக் கேட்டான்.
கடன்தாளில் வைத்த அதே கையெழுத்துத்தான்,
கொஞ்சம் நடுக்கத்தோடு.

தேத்தண்ணி வந்தது.
சீனி காணாது.