கடைசி நான்கு இலக்கங்கள்

4471 செத்துப்போனது
ஒரு செவ்வாய்க்கிழமை விடியப்புறம்.
லிஸ்பனில் எவனோ என் பெயரில்
சப்பாத்து வாங்கியிருக்கிறான்.
அந்த மாதம் நான் உப்புவெளியைத் தாண்டியதே இல்லை.

"பயப்படாதேங்கோ அக்கா, அட்டையை நிற்பாட்டியாச்சு,
புதுசு பத்து நாளில் வரும்" என்றாள்
வங்கிப் பிள்ளை நிஸ்மியா.
வந்தது பதினாறாம் நாள்,
வாடைமழையில் நனைந்த உறையில்.
கடைசி நான்கு இலக்கம்: 0926.

லைற் பில்லுக்குச் சொன்னேன். தண்ணிக்குச் சொன்னேன்.
போனுக்கு, காப்புறுதிக்கு,
ஷரோமியின் கணக்கு வகுப்புக்கு.
இழவு சொல்லப் போகிறவள் மாதிரி
ஒவ்வொரு வாசலாய்.

மிஞ்சியது மடிக்கணினியில் கணக்கு மென்பொருள்.
அது கேட்டது:
பழைய கணக்கை மூடவா,
எண்ணை மட்டும் மாற்றவா?

எண்ணை மட்டும், என்றேன்.
கண் வெட்டும் நேரம்.
ஒன்பது வருஷமும் பேர் மாறிற்று.
2016 ஐப்பசி, மகப்பேற்று விடுதி, முற்பணம்:
செலுத்தியது 0926.

பிறக்கவேயில்லை அது, அப்போது.
ஒரு கையில் பை, மறு கையில் குடை,
4471ஐப் பல்லில் கடித்துக்கொண்டல்லவா
றெஜினோல்ட் படியிறங்கி ஓடினார்.
அதன் ஓரத்தில் அந்தப் பல்லடையாளம்
போன கிழமைவரை இருந்தது.

எனக்கும் எண்கள் மாறியிருக்கின்றன.
ஒன்பது இலக்கமும் ஒரு 'வீ'யும்
பன்னிரண்டாகிற்று.
இந்த டைக் வீதி வீட்டுக்கு நகரசபை
இரண்டுதரம் இலக்கம் போட்டது.
இடையில் ஒரு கூடாரத்துக்கும்
மையால் எழுதிய முப்பத்தெட்டு.
மூடவா, மாற்றவா என்று
ஒருவரும் கேட்டதில்லை.

மாற்றியதை மீட்டேன்.
4471 திரும்பி வந்து தன் வரிகளில் உட்கார்ந்தது.
புதிய கணக்கு ஒன்று திறந்தேன், 0926 என்று.
பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் கடனை
இங்கிருந்து அங்கே தூக்கி வைத்தேன்,
ஒரேயொரு வரியில்.
பிறகு பழையதை மூடினேன், அழிக்கவில்லை.

சப்பாத்துதான் சண்டித்தனம்.
வகை சொல், என்கிறது மென்பொருள்:
சாப்பாடா, மருந்தா, பிள்ளையா, கோயிலா?
புதுவகை ஒன்று எழுதினேன்:
'எங்களுடையதல்ல'.
அதன் கீழே அவன் வாங்கியது,
அதன் கீழே வங்கி திருப்பித் தந்தது.
கழித்துப் பார்த்தால் பூச்சியம் வரவில்லை.
போன நாள் யூரோ ஒரு விலை,
வந்த நாள் இன்னொரு விலை.
இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்
என் தலையில்.

"விடும், ஒரு பிளேன்ரீயும் இரண்டு ரோல்சும்" என்கிறார் றெஜினோல்ட்.
விடலாம்தான்.
அவனுக்கு என்ன சைஸ் கால் என்று
ஏனோ யோசனை ஓடுகிறது.

கேற்றடியில் சத்தம்.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
குப்பைப் பையைக் கிளறுகிறது.
நான் நான்காய் வெட்டிப்போட்ட அட்டையில்
ஒரு துண்டை முகர்ந்து,
நக்கி,
வேண்டாமென்று விட்டுவிட்டு
வாழைப்பழத் தோலை எடுத்துக்கொண்டு போகிறது.