அறுபது முட்டைகள்

தவக்காலத்தில் கோழிகளுக்கு நோன்பில்லை.
பீன்ஸும் கீரையும் தின்று நாங்கள் நாட்களைத் தள்ள
அவை பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருந்தன.
பெரிய வியாழன் காலை
அறுபது முட்டைகளோடு
குத்தாயிசி சந்தைக்குப் புறப்பட்டேன்.
நாளை வீட்டுக்கு வீடு சிவப்புச் சாயத்தில் முட்டை வேகும்.
இன்று விற்றால்தான் விலை.

அவ்தோவின் மினிபஸ்ஸில் முன்கண்ணாடி விரிசல்
போன வருடத்தைவிட ஒரு சாண் நீண்டிருக்கிறது.
அதன் கீழே மூன்று படங்கள்:
மாதா,
குதிரைமேல் ஒரு புனிதர்,
மூன்றாமவர் வெயிலில் வெளுத்துப்போய்
யாரென்று தெரியவில்லை.
அவ்தோவுக்கும் தெரியாது. கேட்டிருக்கிறேன்.
"யாராயிருந்தால் என்ன, இதுவரை கவிழவிட்டதில்லை" என்றான்.

இந்தப் பாதையில் ஏழு கோயில்கள்.
ஒவ்வொன்றுக்கும் மூன்று சிலுவை:
நெற்றி, வயிறு, வலத்தோள், இடத்தோள்.
காதில் பாட்டு ஒலிக்கக் கண்மூடிக் கிடக்கும் மாணவன்
வளைவை இடுப்பால் உணர்ந்து போடுகிறான்.
கேலா போனில் மைத்துனனை வைதுகொண்டிருந்தான்,
வேலியை இரண்டடி தள்ளிப் போட்டதற்கு.
வசவைப் பாதியில் நிறுத்தி,
சிலுவை போட்டு,
விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தான்.
அவ்தோ ஸ்டியரிங்கை முழங்காலிடம் கொடுத்துவிடுவான்.
அந்த ஐந்தாறு நொடி எங்களை ஓட்டுவது யாரென்று
நான் யோசிப்பதில்லை.

நான் மட்டும் போடுவதில்லை.
நம்பிக்கை இல்லாமல் இல்லை. கை இல்லை.
முட்டைத் தட்டுகளை அணைத்திருக்கிறேன்.
கணக்குப் பார்த்தால் முப்பது வருடமாய்
கோயிலைக் கடக்கிறபோதெல்லாம்
என் கையில் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.
பாலாடைக்கட்டி. மாமனாரின் எக்ஸ்ரே.
பல் முளைத்துக் கதறும் தேயோனா.
"கண்ணால் போட்டுக்கொள்கிறேன், கோபிக்காதே"
என்று சொல்லிவைப்பேன்.
பதில் வந்ததில்லை.
ஆட்சேபமும் வந்ததில்லை.

தேயோனா இப்போது இத்தாலியில்
யாரோ ஒருத்தியின் அம்மாவைக் குளிப்பாட்டுகிறாள்.
ஞாயிறுதோறும் போனில் கேட்பாள்,
எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாயா என்று.
ஏற்றினேன் என்பேன்.
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அது உண்மை.

ஐந்தாவது, மேட்டின்மேல் புனித பார்பரா.
எல்லாக் கைகளும் ஒன்றாய் எழுந்த நேரம்
சாலை நடுவே
கன்றோடு ஒரு செவலைப் பசு.

பிரேக்.
தட்டுகள் மடியைவிட்டு வழுக்கின.

நெற்றியைத் தொட்டு வயிற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்த கைகள்
வழியில் திரும்பிவிட்டன.
முன் சீட்டிலிருந்து, பக்கத்திலிருந்து,
பின்னாலிருந்து என் தோளுக்கு மேலாக,
மோதிரம் போட்டது, கிரீஸ் படிந்தது, நகம் கடித்தது.
கேலா இரண்டு கையாலும் கீழ்த்தட்டைத் தாங்கி நிற்க
தரையில் கிடந்த போனில்
மைத்துனன் பஸ்ஸுக்கே கேட்கும்படி கத்தினான்.
யாரும் மூச்சுவிடவில்லை.
பசு எங்களைப் பார்த்தது.
அவசரமில்லாமல் நடந்தது.

மூன்று உடைந்திருந்தன.
ஒன்று மாணவனின் வெள்ளை ஷூவில்.
"பரவாயில்லை அத்தை" என்றான்,
பரவாயில்லை என்று முகத்தில் இல்லை.
கோயில் எப்போதோ பின்னால் போயிருந்தது.
ஒருவரும் போட்டு முடிக்கவில்லை.
சியாலா மட்டும் கடனை வைத்துவிட்டு வந்தவள்போல்
திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஆறாவது வந்தது.
"கொடுங்கள், நான் பிடிக்கிறேன்.
நீங்களும் போடுங்கள்" என்றான் கேலா.
கொடுத்தேன்.
காலியான கை எவ்வளவு கனம் தெரியுமா,
எங்கே தொடங்குவதென்று ஒரு கணம் தயங்கியது.
பிறகு போட்டேன். ஒன்றுதான்.
அதற்குள் கோயில் போய்விட்டது.

ஐம்பத்தேழும் விற்றுப்போயின.
பேரம் பேசினார்கள், எண்ணி வாங்கினார்கள்,
என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.
நெற்றியில் மஞ்சள்கரு காய்ந்திருப்பதை
மதியம்வரை
யாரும் சொல்லவில்லை.