பால், உப்பு, பல்பு

நேற்று நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
நஜஃப்கர் பக்கமிருந்து
செங்கல் நிறத்தில் ஒரு சுவர் எழுந்து
அவசரமில்லாமல் நடந்து வந்தது.
காவலாளி லக்கன் பாஸ்வான்
பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு
கேட்டைச் சாத்த ஓடினார்.
சாத்திய கேட்டின் கம்பிகளுக்கிடையே
அது உள்ளே வந்தது.

கால் மணி நேரம்தான்.
பிறகு பழையபடி துவாரகா, செக்டர் பத்தொன்பது.
வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும் விமானம்,
அதன் பின்னால் இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவே
யார் வீட்டுக் கூலரோ சொட்டுவது
நான்காம் மாடிவரை கேட்கும்.

எனக்குச் சரக்கு முனையத்தில் இரவுப் பணி.
ஊர் ஊராகப் போகிற பெட்டிகளை எடை பார்த்துவிட்டு
காலை ஏழுக்கு வந்து படுப்பவள்.
'அமைதியான சூழல்' என்று விளம்பரத்தில் படித்து
இங்கே வீடு வாங்கியவர்கள்
பகலெல்லாம் குருகிராமில் இருக்கிறார்கள்.
அவர்கள் தவணை கட்டும் அமைதியில்
நான் தூங்குகிறேன்.

மூன்றாம் மாடி தன்வர், பார்மேரில் பிறந்தவர்.
ஜன்னல் விளிம்பில் விரலால் ஒரு கோடு இழுத்து
புழுதியைக் காட்டிச் சொல்வார்:
"எங்கள் ஊர்க்காரன். நாலு நாள் தங்கட்டும்."
தை மாதம் கால்கரிக்குப் போனார், மகனிடம்.
சாவி இரண்டு.
ஒன்று என்னிடம், மணி பிளாண்டுக்குத் தண்ணீர் ஊற்ற.
ஒன்று ஃபூல்மதியிடம், பெருக்கித் துடைக்க.

நாங்கள் அந்த வீட்டுக்குள் சந்தித்ததே இல்லை.
அவள் காயப்போட்ட துணி விறைத்திருப்பதை நான் பார்ப்பேன்.
நான் சிந்திய தண்ணீரின் கறையை அவள் பார்ப்பாள்.
கேட்டருகே எப்போதாவது எதிர்ப்பட்டால்
டேங்கர் வந்ததா என்று கேட்டுக்கொள்வோம்.
வேறென்ன பேச?

போன வாரம்
அந்தச் சாப்பாட்டு மேசைமுன் நின்று
தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன்.
அவள் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லச் சொல்ல
என் விரல் தன்பாட்டுக்கு மேசைப் புழுதியில் எழுதியது.
பால்
உப்பு
பல்பு.
அப்படியே விட்டுவிட்டுப் பூட்டினேன்.

இன்று போனால்
கதவிடுக்கில் ஈரத்துணி திணித்திருந்தது.
ஃபூல்மதி வந்து போயிருக்கிறாள், புயலுக்குக் கொஞ்சம் முன்.
துணியையும் தாண்டி வந்திருந்தது:
நாற்காலிகள்மேல், கடிகாரத்தின்மேல்,
தன்வர் மனைவியின் மாலை போட்ட படத்தின்மேல்,
புத்தம்புதிய, வெளிர் மஞ்சள் மாவு.
மேசை நடுவே
ஒரு எவர்சில்வர் தாம்பாளம் கவிழ்ந்திருந்தது.

தூக்கினேன்.
அடியில் போன வாரத்துப் புழுதி, வட்டமாக.
அதில் என் எழுத்து
ஒரு புள்ளிகூடக் கலையாமல்.

மேசை முழுக்கத் துடைத்தவள்
இதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.
பையனின் பள்ளிக் கடிதங்களை
இந்தியில் கடகடவென்று படிக்கிறவள்
இந்தச் சுழிகளை என்னவென்று நினைத்தாளோ,
மந்திரம் என்றா,
செத்துப்போனவளுக்கு நான் எழுதிய கடிதம் என்றா?
வானம் சிவந்ததும்
அலமாரியில் இருப்பதிலேயே பெரிய தட்டைத் தேடி எடுத்திருக்கிறாள்.

சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது.
பதினொரு வருடமாக இந்த செக்டரில்
பெயர்ப்பலகையில்கூட நான் தமிழில் எழுதியதில்லை.

நாளைக்கு அவளைப் பார்த்தால் சொல்ல வேண்டும்
என்று நினைத்தேன்.
சொல்லக் கூடாது என்றும்.

மணி பிளாண்டுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.
தாம்பாளத்தை இருந்தபடியே கவிழ்த்தேன்,
விளிம்பு எழுத்தில் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
பூட்டிவிட்டுப் படியேறும்போதுதான் உறைத்தது:
பல்பு வாங்கியாயிற்று,
பால் தினமும் வருகிறது,
உப்பை மறந்தே போனேன்.