உடல் அடையாளம்

உம்ஷ்லாங்காவில் ஒன்பதாம் மாடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல், காதில் ஹெட்செட்.
அப்பா இருக்கிறாரா, எத்தனை வயதில், எதனால் என்று
நாளைக்கு நாற்பது பேரைக் கேட்கிறேன்.
கேட்டு முடித்து, அதே குரலில்,
பன்னிரண்டு மாதம் என்பேன்.
அதுவரை இதயத்துக்கு எதுவும் தரமாட்டோம்.
சந்தா மட்டும் வாங்கிக்கொள்வோம்.

இன்று பதினொன்றே காலுக்கு
பிரினோலன் பாவாடை, முப்பத்திநாலு, ஃபீனிக்ஸ்.
அப்பா?
நாற்பத்தொன்றில். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.
அவருடைய அப்பா?
நாற்பத்துமூன்று.
மாத்திரை?
போன வருடம் கொஞ்ச நாள். விட்டுவிட்டேன்.
ஆட்டுக்கறிக் குடும்பம், அவ்வளவுதான் என்று சிரித்தான்.

கல்யாணத்துக்கு முன் நானும் பாவாடைதான்.
ஆவணக் காப்பகத்தில் ஒருமுறை பார்த்தேன்,
கப்பல் பதிவேட்டில் ஒற்றை வரி:
பாவாடை, இருபத்திரண்டு, வட ஆற்காடு,
ஐந்தடி மூன்று,
உடல் அடையாளம் இடது முழங்காலில் தழும்பு.
கரும்புக்கு ஆள் எண்ணிய குமாஸ்தா
கண்ணில் பட்டதை எழுதினான்.
குதிகாலைத் திருப்பிக் காட்டச் சொல்லவில்லை.
எண் இல்லாத ஒன்று
கூடவே டர்பனில் இறங்கியது.
ஐந்து வருடத்தில் அவனுக்கு ஒப்பந்தம் முடிந்தது.

எனக்கும் உண்டு.
செருப்பு வார் உரசும் இடத்தில்,
நரம்பின்மேல், மொச்சைக்கொட்டை அளவு.
நான் விற்கும் திட்டம் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது.
செவ்வாய்க்கிழமை நாலரைக்கு எழுந்து
அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறேன்.
அங்கேயும் காத்திருப்புதான்,
ஆனால் சிஸ்டர் ந்தோம்பிஃபுத்தி
என் அப்பாவைக் கேட்பது ஊசியின் வலி மறக்க.
மாத்திரை தீர்ந்துபோகும் மாதங்களும் உண்டு.
எல்லோருக்கும் ஒரே காப்பீடு வருமாம்.
கையெழுத்தாகி, கோர்ட்டுக்குப் போய், இழுக்கிறது.
அந்தப் பெயர் கேட்டாலே எங்கள் மேலாளர் முகம் சுளிக்கிறார்.
எனக்குச் சட்டம் தெரியாது.
மவுண்ட் எட்ஜ்கோம் தேரை
ஒருத்தி தனியே இழுத்து நான் பார்த்ததில்லை.

ஹலோ, லைனில் இருக்கீங்களா?

இந்த அழைப்பு பதிவாகிறது என்று
முதலில் சொன்னவளே நான்.
திரையில் பன்னிரண்டு மாதம் வந்து நிற்கிறது.
சொன்னேன்.
பிறகு,
ஷூவைக் கழற்றுங்கள், சாக்ஸையும்.
குதிகாலுக்குச் சற்று மேலே விரலை வையுங்கள்.
ஏதாவது தட்டுப்படுகிறதா?

அவன் பக்கம் ஒரு லாரி போனது.
இன்னொன்று போனது.

பையனுக்கும் பார்க்கட்டுமா, என்றான்.
ஏழு வயசு.