இடைப்படங்கள்

கை தொங்கவிட்ட கரடியை எராஸ்ட் வரைவான்.
கை தூக்கிய கரடியையும் அவனே வரைவான்.
நடுவில் வரும் பதினொரு கரடிகள் என்னுடையவை.
படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது
அந்தப் பதினொன்றுக்கும் இடமிருக்காது,
எனக்கும்.

மாஸ்கோவில், டிராம் முனகிக்கொண்டு திரும்பும் முக்கில்,
மணியைப் பறிகொடுத்த தேவாலயத்தின் கீழ்த்தளம்.
மேலே ஏதோ இரும்புக் கிடங்கு, கீழே நாங்கள்.
ஜனவரியில் மை உறைந்துவிடும்.
குப்பியைக் கக்கத்தில் இடுக்கிச் சூடேற்றி
ஆற்றங்கரையில் தும்பி பறப்பதை வரைவோம்.
தொலைக்காட்சிப் பிள்ளைகள் நேரத்துக்குத் தூங்கவேண்டுமாம்.
அவர்களின் எட்டு நிமிடத்துக்காக
எட்டு மாதம் விழித்திருந்தோம்.

பாதி வீடுகளில் அப்போது கறுப்பு வெள்ளைப் பெட்டிதான்.
ஆனாலும் கபிதோலினா ஆர்ஹிப்பவ்னா
கரடியின் கழுத்துத்துணிக்கு
மூன்று முறை சிவப்பைக் கொட்டிவிட்டு மறுபடி குழைத்தாள்.
யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.
"சாம்பலிலும் தெரியும்" என்றாள்,
தூரிகையை உதட்டால் கூராக்கிக்கொண்டே.
அவள் பற்கள் எப்போதும் ஏதோ ஒரு நிறத்தில் இருந்தன.

குழு வந்தது. ஏழு பேர், ஏழு கோப்பைத் தேநீர்.
"கரடி ஏன் சன்னலையே பார்க்கிறது?
அதற்கு எங்கே போகவேண்டும்?"
அறையில் கரண்டிகள் கிண்டுவதை நிறுத்தின.
"பனி பெய்கிறதா என்று பார்க்கிறது" என்றான் எராஸ்ட்.
"அப்படியானால் பனியைக் காட்டுங்கள்."
காட்டினோம். நாற்பது வினாடிப் பனி.
ஒவ்வொரு பொட்டும் நான் வைத்தது.
கண் எரிந்து, வீட்டுக்குப் போகும் வழியில்
நிஜப் பனி பெய்தபோது
அதில் பிழை தேடினேன்.

வோர்குதாவிலிருந்து ஒரு சிறுவன் எழுதினான்:
எங்கள் ஊரில் விழுவது போலவே விழுகிறது,
ஆனால் இது குளிரவில்லை.
அந்தக் கடிதத்தை யாரோ சுவரில் குத்தினார்கள்.
பிறகு யாரோ அதன் பின்புறத்தில்
பசை வாங்கிய கணக்கை எழுதினார்கள்.

படம் முடிந்ததும் தாள்களைக் கழுவவேண்டும், அது விதி.
செல்லுலாய்டுக்குப் பஞ்சம்.
துத்தநாகத் தொட்டி, வெந்நீர், சோப்பு;
கரடி கரைந்து பழுப்பாகச் சாக்கடைக்குள் இறங்கும்.
மறுநாள் அதே தாளில் நரி.
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்
நரியின் வயிற்றுக்குள்
கரடிக் காதின் கீறல் தெரியும்.
சொல்லக்கூடாது, சிலவற்றைக் கழுவாமல் ஒளித்தோம்.

பின்னொரு நாள் நாடே
தொங்கிய கையிலிருந்து தூக்கிய கைக்குப் போனது.
நடுவில் வரவேண்டிய படங்களை
யாரும் வரைந்து வைத்திருக்கவில்லை.
ஒரு மாதம் சம்பளமாக மீன் டப்பா.
அடுத்த மாதம் டப்பாவும் இல்லை.
ஒரே முத்திரை மூன்று நிறுவனங்களாயிற்று,
மூன்றும் வாடகை கேட்டன.
எராஸ்ட் ஹைஃபாவுக்குப் போனான்.
பழக்கூடைகளில் விலைச்சீட்டு எழுதுகிறேன் என்று எழுதினான்,
எழுத்து நன்றாக இருக்கிறது என்கிறார்களாம்.

தராசுடன் ஒருவன் வந்தான், வெளிநாட்டாருக்கு விற்க.
முகம் முழுதாக இருப்பவை மட்டும் போதும் என்றான்.
அரைக்கண் மூடியவை, வாய் பாதி திறந்தவை,
கை எங்கோ நடுவானில் நிற்பவை விலை போகாது.
ஆக, என்னுடையவை அனைத்தும் மிஞ்சின.

அந்த மே மாதம் ஆலங்கட்டி விழுந்து
கபிதோலினாவின் வெள்ளரிக் கூடாரக் கண்ணாடிகள் நொறுங்கின.
சட்டங்களில் அவள் கரடிகளை ஆணியடித்தாள்.

ஜூனில் போனேன்.
இலைகள்மேல் பழுப்பு வெளிச்சம், ஆங்காங்கே சிவப்பு.
ஓட்டைக்கு ஏற்ற அளவு பார்த்து அடித்திருந்தாள்:
ஏழு, மூன்று, பதினொன்று, நான்கு.
மூலையில் பென்சிலால் என் எண்கள்.
ஒன்றைக் கண்டுபிடித்தேன், அங்கிருந்து இரண்டுக்கு ஓடினேன்,
மூன்றுக்குத் திரும்பினேன், கதவோரம் நான்கு,
சேற்றில் வழுக்கி ஐந்து.
கை எழும்பத் தொடங்கியிருந்தது.

வாளியோடு வந்து நின்றவள் சற்று நேரம் பார்த்தாள்.
"ரிம்மா, தண்ணீர் ஊற்ற வந்தாயா,
அணிவகுப்பு நடத்த வந்தாயா?
பூவை மிதிக்காதே" என்றாள்.
ஆறைக் காணவில்லை.