எதிர்பாராதது: பத்து விழுக்காடு

நீல மையில் கோடு போட்டு
கடைசி வரியில் எழுதினேன்:
எதிர்பாராதது, பத்து விழுக்காடு.
பதினெட்டாயிரம் ராண்ட்.
தயாளன் சிரித்தான்.
எதிர்பார்த்து எடுத்துவைக்கிறாயே,
அப்புறம் ஏன் அதற்கு அந்தப் பேர்?

சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீடு
ஒரு வீட்டின் பாதி.
நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் படையாச்சி.
அவர் இருமினால் எங்கள் தட்டு அலமாரி அறியும்.
நாங்கள் சண்டையிட்டால்
அவர் தொலைக்காட்சியின் சத்தம் குறையும்.

சமையலறை கொஞ்சம் அகலமாக வேண்டும்.
ஒரு ஜன்னல், புதுத் தொட்டி,
சுவருக்கு வெள்ளைக் கல்.
அவ்வளவுதான் ஆசை.

முதல் வாரம் கூரை.
கல்நார்த் தகடாம், கையால் தொடக்கூடாதாம்.
முகமூடி போட்ட நாலு பேர் வந்து
தூங்கும் குழந்தையைப் போல இறக்கி
இரட்டைப் பையில் கட்டி எடுத்துப் போனார்கள்.
ஒன்பதாயிரம்.
பதினாலு வருஷம் அதன் கீழே உறங்கியதற்கு
இன்னும் பில் வரவில்லை.

அடுத்தது உத்தரம்.
சாண்டீலே திருப்புளியால் ஒரு குத்து குத்தினார்.
மரம் ரொட்டிபோல் உள்வாங்கியது.
"வெளியே பெயிண்ட் நல்லா இருக்கு, சிஸி" என்றார்,
ஆறுதலுக்கு.

பிறகு மின்கம்பி. பச்சை எது, சிவப்பு எது,
எல்லாமே காப்பி நிறம்.
என் பத்து விழுக்காடு
மாதக் கடைசிச் சம்பளம்போல்
கையைத் தொட்டுவிட்டுக் கிளம்பியது.

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள்.
இடித்துப் பார் என்று
ஒருவரும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை.
வாசலில் எங்கள் மீட்டரை அடைத்துவிட்டுத்தான்
தொட்டிக் குழாயைக் கழற்றினார் சாண்டீலே.
தண்ணீர் நிற்கவில்லை.
திரும்பப் போய் முறுக்கிவிட்டு வந்தார்.
நின்றபாடில்லை.
சுவரை ஒரு முழம் கொத்தினார்.
கொத்தக் கொத்த ஒரு செம்புக் குழாய்
வளைந்து நெளிந்து
நடுச்சுவருக்குள் நுழைந்து
அந்தப் பக்கம் போனது.

யார் வைத்தார்களோ.
எங்களுக்கு விற்றவரோ, அவருக்கும் முந்தியவரோ.
பதினாலு வருஷம்
நான் அரிசி களைந்தது, பருப்பு வேகவைத்தது,
காவடிக்கு முந்தின இரவு
பித்தளையெல்லாம் துலக்கியது
எல்லாம் படையாச்சி மீட்டரில்.

மாதாமாதம் அந்த மனிதர்
பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
மாநகராட்சிக்குப் போனார்.
தனி ஆளுக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று
கவுண்டரில் கத்தினார்.
கொத்தமல்லிப் பாத்தியைக் காயவிட்டார்.
நாங்கள் வேலியோரம் நின்று
மிளகாய்ச் செடியைத் தினம் குளிப்பாட்டினால்
அப்படித்தான் வரும் என்று சிரித்தோம்.
நான்தான் முதலில் சிரித்தேன்.

சாண்டீலே கையில் ஒரு மூடி.
அடைத்துவிடவா என்று கண்ணால் கேட்டார்.
அடைத்து, பூசி, வெள்ளைக் கல் ஒட்டிவிட்டால்
அடுத்த மாதம் படையாச்சியின் பில்
தானாகக் குறையும்.
கத்தியதற்குப் பலன் கிடைத்தது என்று
சந்தோஷம்கூடப் படுவார்.
எதிர்பாராததில் எழுதிக்கொள் என்றான் தயாளன்.
விளையாட்டுக்குத்தான் சொன்னான்.
அப்புறம் அவனும் பேசவில்லை.

இரவு நோட்டைத் திறந்தேன்.
மாதத்துக்கு இத்தனை கிலோலிட்டர்,
பன்னிரண்டால் பெருக்கி, பதினாலால் பெருக்கி,
வருஷாவருஷம் ஏறிய கட்டணத்தையும் கூட்டி
தொகை வந்துவிட்டது. கணக்கில் நான் கெட்டிக்காரி.
கொத்தமல்லிக்கு என்ன விலை போடுவது?
சிரித்ததற்கு?

அந்தப் பக்கம் இருமல்.
அலமாரியைக் கழற்றிவைத்திருந்தோம்.
சுவரில் ஓட்டை.
இருமல் நேராக மேசைக்கு வந்து
நோட்டின் மேல் உட்கார்ந்தது.

படையாச்சி அண்ணே, என்று கூப்பிட்டேன்
ஓட்டை வழியாக.
தூங்கிட்டீங்களா?

தொலைக்காட்சியின் சத்தம்
குறைந்தது.