ஐம்பதாம் எண்

களக்காட்டு வாழைக்காய் மண்டியில்
பதினொரு மணிக்குப் போன கரண்டு
பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது.
வந்த பிறகுதான் கோளாறு.

தராசு ஒழுங்காகத்தான் நிற்கிறது.
ஏத்தன் தார் பதினாலரைக் கிலோ,
செந்துளுவன் பன்னிரண்டே முக்கால்,
சிவப்பு எண்களில் காட்டவும் செய்கிறது.
லேப்டாப்பில் மட்டும் எதுவும் ஏறவில்லை.
வாசலில் ஏழு மினிலாரி.
உச்சிமாகாளி அண்ணாச்சி போனில்
என்னை விட்டுவிட்டு
என் ஊரைத் திட்டினார்.

நாங்குநேரியிலிருந்து பைக்கில் போனேன்.
ஆனி மாத மேல்காற்று
நெஞ்சில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது.

போய்ப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான்:
தராசுக்குத் தெரிந்தது ஒரே ஒரு எண்.
எடை விழுந்ததும் அதை
நூற்று நாலுக்கு அனுப்பிவிடும்.
காலையில் நூற்று நாலு, லேப்டாப்.
கரண்டு போய் வந்ததில்
ரவுட்டர் எல்லாவற்றையும் மறந்து எழுந்து
முதலில் வந்தவர்களுக்கு
முதலில் இருந்த எண்களைக் கொடுத்துவிட்டது.

இப்போது நூற்று நாலு யார்?

சருகுக்கட்டில் சாய்ந்து
கபடி வீடியோ பார்த்துக்கொண்டிருந்த
லோடுமேன் ஐகோர்ட்டின் போன்.
முக்கால் மணி நேரமாக
ஒன்றரை டன் வாழைக்காய்
தன்மேல் வந்து விழுவது தெரியாமல்
காலாட்டிக்கொண்டிருந்தான்.

'தானாக' என்றிருந்ததைக்
'கையால்' என்று மாற்றினேன்.
நாலு பெட்டி திறந்தது.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, புள்ளி,
நூற்று அறுபத்தெட்டு, புள்ளி,
ஒன்று, புள்ளி,
ஐம்பது.
நூறுக்கு மேலேதான்
ரவுட்டர் இஷ்டத்துக்கு அள்ளிக் கொடுக்கும்.
அதற்குக் கீழே கைவைக்காது.
தராசிடமும் சொன்னேன், இனி ஐம்பது.
அடுத்த தார் ஏறியது. எடை வந்தது.
அண்ணாச்சி முந்நூறு ரூபாயும்
பழுக்காத ஒரு சீப்பும் கொடுத்தார்.

ராத்திரி பத்தேகாலுக்கு போன்.
மண்டியில் கணக்குப் பார்க்கும் சுயம்புக்கனி.
சனிக்கிழமை லேப்டாப்போடு
திசையன்விளைக்கு, அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.
"சிக்னல் முழுசாக் காட்டுது.
உள்ள ஒண்ணும் வரமாட்டேங்குது."

தப்பு என்னுடையது.
மண்டி வைஃபைக்கு மட்டும் கொடுக்க வேண்டியதை
கருவிக்கே மொத்தமாகக் கொடுத்துவிட்டேன்.
அவள் அம்மா வீட்டு ரவுட்டர்
மூன்றாம் இடத்தில் பூஜ்யம் வைத்திருக்கிறது.
இங்கே போய் நின்றுகொண்டு
களக்காட்டு வாசலைத் தட்டினால்
யார் திறப்பார்கள்?

அதைத்தான் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பின்னால் குக்கர் விசில்.
"அங்க நான் கணக்கு மேடம்.
இங்க வந்தா பாப்பா.
இதுக்கு மட்டும் எங்க போனாலும் ஒரே பேராக்கும்"
என்று சிரித்தாள்.

பொதுவாகக் கொடுத்ததை முதலில் அழிக்கச் சொன்னேன்.
அறிந்த வைஃபைகளின் பட்டியல் திறந்தது.
வரிசையாக வாசித்தாள்:
மண்டி,
ஏர்வாடி பேங்க்,
நாத்தனார் மாடி,
பாப்பாவீடு.
மண்டிக்குள் மட்டும் நுழைந்து
ஐம்பதை அவளே அடித்தாள்.
மற்றவற்றில் 'தானாக' என்று விட்டுவிட்டாள்.
நாத்தனார் மாடியில் மட்டும்
கொஞ்சம் தயங்கினாற்போலிருந்தது.
"இத அழிச்சுரட்டுமா?"
அது உங்கள் இஷ்டம் என்றேன்.
அழித்தாளா, கேட்கவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு
எங்கள் தெருவிலும் கரண்டு போனது.
போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பத்து நிமிடம். இருபது.
சரியாக ஓடினால் யாரும் கூப்பிடமாட்டார்கள்.
பதினொன்றரைக்கு அடித்தது.

ஐகோர்ட்.
"அண்ணே, ஏன் போன்ல
இப்ப நெட்டு சும்மா பறக்குது.
அன்னைக்கு என்ன செஞ்சிய?"

உன் தலையில் கிடந்த சுமையை
இறக்கி வைத்தேனப்பா
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் நாளொன்றுக்கு
நானூறு தார் இறக்குகிறவன்.

ஒன்றுமில்லை, வை
என்றேன்.